வெளிநாட்டுக் குழுவோடு சேர்ந்து கலைவிழாவில் மேடையேறுவது எப்படி: முதல் கடிதத்திலிருந்து கணக்கு முடிப்பது வரை

இரண்டு நாட்டுக் கலைஞர்கள் சேர்ந்து ஒரு விழாவுக்கு நிகழ்ச்சி தயாரிக்கும்போது, வேலைகளைத் தலைகீழ் வரிசையில் செய்வதால்தான் பெரும்பாலும் சிக்கல் வருகிறது. டிக்கெட் எடுத்த பிறகு விசாவை யோசிக்கிறார்கள். ஒத்திகை தொடங்கிய பிறகு ஒப்பந்தம் வருகிறது. மேடையேறி முடித்த பிறகுதான் 'இந்தப் பாட்டு யாருடையது' என்ற கேள்வியே எழுகிறது. இந்த வழிகாட்டி அந்த வரிசையை நேராக்குவதற்காக எழுதப்பட்டது. இசை, நடனம், நாடகம் மூன்றுக்கும் பொருந்தும். காட்சிக்கலைக்கு ஏழாம் பகுதி வரை மட்டும் போதும்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

குழுவில் உள்ள ஒவ்வொருவரின் பாஸ்போர்ட் நகல் வேண்டும். பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாகும்படி இருந்தால் எந்த நாட்டுக்கும் கவலையில்லை. பெயர் பாஸ்போர்ட்டில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே ஒரு பட்டியலாகத் தட்டச்சு செய்து வையுங்கள். அழைப்புக் கடிதம், டிக்கெட், ஒப்பந்தம், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் அந்தப் பட்டியலிலிருந்தே பெயரை ஒட்ட வேண்டும்.

தமிழ்ப் பெயர்களில் இது பெரிய தலைவலி. முன்னெழுத்தை ஒரு இடத்தில் விரித்தும் இன்னொரு இடத்தில் சுருக்கியும் எழுதினால் இரண்டு ஆட்களாகக் கருதப்படும் ஆபத்து உண்டு. குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட்டைச் சில நாடுகள் சில வகை விசாவுக்கு ஏற்பதில்லை. அப்படிப்பட்டவர் குழுவில் இருந்தால் பாஸ்போர்ட்டைத் திருத்துவதே முதல் வேலை. அதற்கே வாரக்கணக்கில் ஆகலாம்.

இவை தவிர, வெட்டி ஒட்டாத ஐந்து நிமிட மேடைக் காணொளி ஒன்றும், நிகழ்ச்சியை விளக்கும் ஒரு பக்கக் குறிப்பும் தயாராக இருக்கட்டும். அழகாகத் தொகுத்த விளம்பரக் காணொளியை விழாத் தேர்வாளர்கள் அவ்வளவாக நம்புவதில்லை. மேடையில் உண்மையில் என்ன நடக்கும் என்பது அதில் தெரியாது.

1. எந்த வகைக் கூட்டு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

'சேர்ந்து ஏதாவது செய்யலாம்' என்று தொடங்கும் திட்டம் அந்த 'ஏதாவது' என்ற சொல்லிலேயே நின்றுவிடும். நடைமுறையில் மூன்று வகைதான் உண்டு.

முதலாவது, அடுத்தடுத்த அரங்கேற்றம். ஒரே மாலையில் இரண்டு குழுவும் தத்தம் நிகழ்ச்சியை நடத்தி, கடைசி உருப்படியை மட்டும் சேர்ந்து செய்வது. நேரில் இரண்டு நாள் ஒத்திகை போதும்.

இரண்டாவது, விருந்தாளிக் கலைஞர். ஏற்கெனவே உள்ள படைப்புக்குள் வெளிநாட்டுக் கலைஞர் ஒருவர் வந்து சேர்வது. நான்கைந்து நாள் தேவைப்படும்.

மூன்றாவது, புதுப் படைப்பு. இருபது நிமிடப் படைப்பாக இருந்தாலும் இரு தரப்பும் ஒரே அறையில் குறைந்தது எட்டு முதல் பத்து நாள் இருக்க வேண்டும்.

அடிக்கடி நடக்கும் தவறு: மூன்றாம் வகையை வாக்களித்துவிட்டு முதல் வகைக்கான நாட்களை ஒதுக்குவது. பார்வையாளர்களுக்கு இது உடனே தெரியும். மேடையில் ஆளுக்கொரு பக்கம் மாறி மாறி வாசிப்பார்கள். நாட்கள் இல்லையென்றால் முதல் வகையையே ஒழுங்காகச் செய்யுங்கள். அதில் குறையொன்றும் இல்லை.

2. விழா எப்படிப்பட்டது என்று பாருங்கள்

தேர்வுக்குழு அழைக்கும் விழாவில் கட்டணமும் தங்குமிடமும் பெரும்பாலும் விழாவின் பொறுப்பு. எடின்பரோ ஃப்ரிஞ்ச், அடிலெய்டு ஃப்ரிஞ்ச் போன்ற திறந்த விழாக்களில் யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். அங்கே பதிவுக் கட்டணம், அரங்க வாடகை, விளம்பரம், டிக்கெட் விற்காத நட்டம் எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். இரண்டையும் 'சர்வதேச விழா அழைப்பு' என்ற ஒரே பெயரில் மின்னஞ்சலில் பார்ப்பீர்கள்.

ஆகவே முதல் பதிலிலேயே நான்கு கேள்விகளைக் கேளுங்கள். நிகழ்ச்சிக் கட்டணம் உண்டா? பயணச் செலவு யாருடையது? தங்குமிடமும் தினப் பேட்டாவும் எத்தனை நாளுக்கு? ஒத்திகை நாட்களும் அதில் அடங்குமா? கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விடுபவர்களே அதிகம். அதனால் நிகழ்ச்சி நாளுக்கு மட்டும் அறை கிடைத்து, ஒத்திகை நாட்களில் கைக்காசு கரையும்.

குழுவே பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும், விழா ஏற்பாடு செய்யும் விடுதியிலேயே தங்க வேண்டும், அதற்கு முன்பணம் வேண்டும் என்று மூன்றும் சேர்ந்து வந்தால் அது கலைவிழாவின் பெயரில் நடக்கும் சுற்றுலா வியாபாரமாக இருக்கக்கூடும். போன ஆண்டு அங்கே போன இரண்டு குழுக்களைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள்.

3. நாட்காட்டியைப் பின்னாலிருந்து போடுங்கள்

நிகழ்ச்சி நாளை ஒரு தாளின் அடியில் எழுதி, மேல்நோக்கி எண்ணுங்கள். முன்னாலிருந்து போடும் நாட்காட்டி எப்போதும் விசா நாளில் வந்து முட்டிக்கொள்ளும்.

பன்னிரண்டு மாதம் முன்பு: கூட்டு வகை, இரு தரப்பின் எழுத்துபூர்வ ஒப்புதல், நிதி விண்ணப்பங்கள். பல நிதியமைப்புகள் பணி தொடங்கிய பின் பணம் தருவதில்லை என்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது.
எட்டு மாதம் முன்பு: ஒப்பந்தம், அழைப்புக் கடிதம், தொழில்நுட்பத் தாளின் (மேடை, ஒலி, ஒளித் தேவைகளின் பட்டியல்) முதல் வடிவம்.
ஆறு மாதம் முன்பு: விசா வேலை, கருவிகளுக்கான அனுமதிகள், தொலைவிலிருந்து ஒத்திகை.
மூன்று மாதம் முன்பு: நிகழ்ச்சிக் குறிப்பு, மொழிபெயர்ப்பு, சரக்கு ஏற்பாடு.
விசா கைக்கு வந்த பிறகு: பணம் திரும்பாத டிக்கெட்.

இந்தக் கடைசி வரியில்தான் எல்லோரும் பேராசைப்படுவார்கள். மலிவு விலை டிக்கெட்டை முன்னமே எடுத்துவிட்டு, விசா தாமதமானால் மொத்தக் குழுவின் காசும் போகும். முன்பதிவு மட்டும் செய்து வைக்கலாம். அல்லது தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

4. பணக் கணக்கு: கையில் வருவது எவ்வளவு?

விழா சொல்லும் கட்டணமும் உங்கள் கணக்கில் வரும் தொகையும் ஒன்றல்ல. கலைஞரின் வருமானத்துக்கு நிகழ்ச்சி நடக்கும் நாடே வரி விதிக்கலாம் என்பது பல இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தங்களில் உள்ள விதி. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான நாடுகளின் அமைப்பு (ஓஇசிடி) வகுத்த மாதிரி ஒப்பந்தத்தின் 17ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. 'எங்கள் நாட்டில் வரி கட்டுகிறோமே' என்ற வாதம் பெரும்பாலும் எடுபடாது.

பிடித்தம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் அடிப்படை விகிதம் 30 சதவீதம். பிரிட்டனில் 20 சதவீதம். குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே பிடித்தம் இல்லை. ஜெர்மனியில் வருமான வரி 15 சதவீதமும் அதன்மேல் ஒருமைப்பாட்டு மிகைவரியும் சேர்ந்து 15.825 சதவீதம்; ஒரு நிகழ்ச்சிக்கு 250 யூரோ வரையிலான கட்டணத்துக்குப் பிடித்தமே இல்லை.

கட்டணம் 'வரிக்குப் பின்' என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் மொத்தத் தொகையைச் சரியாகக் கணக்கிட்டுக் கேளுங்கள். இங்கே செய்யும் பிழை ஒன்று உண்டு. கையில் 1,000 யூரோ வேண்டும், பிடித்தம் 20 சதவீதம் என்றால் 1,200 கேட்பார்கள். 1,200இல் 20 சதவீதம் 240. கையில் வருவது 960. சரியான கணக்கு 1,000ஐ 0.8ஆல் வகுப்பது. அதாவது 1,250. ஜெர்மன் விகிதத்தில் இதே தொகைக்கு 1,188 வரும்.

பிடித்த வரிக்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அது இருந்தால்தான் உங்கள் நாட்டில் கட்டும் வரியில் கழித்துக்கொள்ள வழி உண்டு. நீங்கள் எந்த நாட்டில் வரி செலுத்துபவர் என்பதற்கான வதிவுச் சான்றிதழையும் முன்னமே எடுத்து வைத்தால், சலுகை கிடைக்கும் இடங்களில் உதவும்.

பணம் எப்போது வரும் என்பதையும் எழுதுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தானதும் பாதித் தொகை, நிகழ்ச்சி முடிந்த நாளில் மீதி என்பது நியாயமான கோரிக்கை. எந்த நாணயத்தில், வங்கிப் பரிமாற்றக் கட்டணம் யாருடையது என்பவையும் அதே வரியில் வரட்டும். மொத்தச் செலவில் பத்து சதவீதத்தை எதிர்பாராச் செலவுக்கென்று தனியே வையுங்கள். கூடுதல் பெட்டிக் கட்டணத்துக்கே அதில் பாதி போய்விடும்.

5. ஒப்பந்தமும் உரிமையும்

நட்பாகப் பேசிக்கொண்டிருக்கும்போது உரிமையைப் பற்றிக் கேட்பது அசிங்கம் என்று பலர் நினைக்கிறார்கள். படைப்பு நன்றாக ஓடத் தொடங்கிய பிறகு கேட்பதுதான் உண்மையில் அசிங்கமாக முடியும். முதல் ஒத்திகைக்கு முன்பே மூன்று அடுக்காகப் பிரித்து எழுதிவிடுங்கள்.

முதல் அடுக்கு, ஒவ்வொரு தரப்பும் கொண்டுவருவது: மெட்டு, நடன அமைப்பு, பாடல் வரி, முகமூடி வடிவம். இது கொண்டுவந்தவருடையது, கூட்டு முடிந்த பிறகும் அவருடையதே.

இரண்டாம் அடுக்கு, சேர்ந்து உருவாக்கியது. இங்கே பங்கை சதவீதமாக எழுதுங்கள். ஒரு தரப்பு இல்லாமல் இன்னொரு தரப்பு இதை மீண்டும் மேடையேற்றலாமா என்பதையும் சொல்லுங்கள். எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்ற வரி சடங்குக்காகப் போடுவது போலத் தெரியும்; ஆனால் விளைவு பெரியது. அமெரிக்கச் சட்டத்தில் கூட்டுப் படைப்பாளிகளில் ஒருவர் மற்றவரைக் கேட்காமலே பிறருக்குப் படைப்பைப் பயன்படுத்த அனுமதி தரலாம் (அவர்களுக்கு மட்டுமேயான உரிமையாகத் தர முடியாது); வரும் லாபத்தைப் பகிர்ந்தால் போதும். பிரிட்டனில் எல்லோரின் சம்மதமும் தேவை. ஒப்பந்தம் மௌனமாக இருந்தால் இந்த வேறுபாடு உங்கள் தலையெழுத்தைத் தீர்மானிக்கும்.

மூன்றாம் அடுக்கு, பதிவு. விழாக்கள் அனுப்பும் அச்சிட்ட ஒப்பந்தத்தில் 'எல்லா ஊடகத்திலும், எல்லாக் காலத்துக்கும்' என்ற வாசகம் பதுங்கியிருக்கும். அதை அடித்துவிட்டு, 'விளம்பரத்துக்கு மூன்று நிமிடம் வரை. முழுப் பதிவு ஆவணக் காப்புக்கு மட்டும். ஒளிபரப்பு என்றால் தனி ஒப்பந்தம், தனிக் கட்டணம்' என்று மாற்றக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். அந்த வாசகம் பல இடங்களில் பழைய படிவத்திலிருந்து அப்படியே ஒட்டப்பட்டது.

மரபுக் கலை என்றால் இன்னொரு படி இருக்கிறது. சட்டப்படி ஆசிரியர் இல்லாத பாட்டாக இருக்கலாம். ஆனால் அதைக் காத்துவரும் சமூகம் உண்டு. சடங்கில் மட்டும் செய்ய வேண்டியது, குறிப்பிட்ட காலத்தில் மட்டும் பாட வேண்டியது, வெளியார் தொடக்கூடாத பொருள் என்று எல்லைகள் இருக்கும். எதை மேடைக்குக் கொண்டுவரலாம், எதைக் கூடாது என்று அந்தக் கலைஞர்களே ஒரு பட்டியல் தரட்டும். மறு தரப்பு அந்தப் பட்டியலைப் பேரம் பேசக் கூடாது. நிகழ்ச்சிக் குறிப்பில் 'நாட்டுப்புறப் பாடல்' என்று பொதுவாகப் போடாமல், எந்தச் சமூகத்தின் மரபு, யார் கற்றுக்கொடுத்தது என்று எழுதுங்கள்.

ரத்து பற்றிய பகுதியில் இயற்கைச் சீற்றம், கொள்ளைநோய் எல்லாம் இருக்கும். விசா மறுப்பு இருக்காது. அதைச் சேருங்கள். ஐந்து பேரில் ஒருவருக்கு விசா கிடைக்காவிட்டால் நிகழ்ச்சி நடக்குமா, குறைந்தது எத்தனை பேர் வேண்டும், ஏற்கெனவே செலவான தொகையை யார் தருவது என்ற மூன்றுக்கும் பதில் இருக்க வேண்டும்.

6. விசா

முதல் விதி: எந்த வேலைக்குப் போகிறீர்களோ அந்த வகை விசா. 'சுற்றுலா என்று போட்டுவிடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்' என்ற ஆலோசனையைக் காதில் வாங்காதீர்கள். பெட்டியில் மேடை உடையும், இணையத்தில் உங்கள் பெயரோடு விழாச் சுவரொட்டியும் இருக்கும்போது எல்லை அதிகாரிக்குத் துப்பறியும் வேலையே இல்லை. திருப்பி அனுப்பப்பட்டால் அது அடுத்த விண்ணப்பங்களிலும் தொடரும்.

அமெரிக்காவில் மரபுக் கலைக் குழுக்களுக்குப் பொருந்துவது பி-3 வகை. அங்குள்ள அமைப்போ முகவரோ ஐ-129 படிவத்தில் முதலில் மனு போட வேண்டும். அது ஏற்கப்பட்ட பிறகுதான் தூதரக நேர்காணல். மனுவை ஓராண்டு முன்பே போடலாம் என்பதால் காத்திருக்கக் காரணமில்லை.

பிரிட்டனில் முன்கூட்டியே ஏற்பாடான, கட்டணம் பெறும் நிகழ்ச்சியை வருகையாளர் விசாவிலேயே முதல் ஒரு மாதத்துக்குள் செய்ய அனுமதி உண்டு. அரசுப் பட்டியலில் உள்ள சில விழாக்களுக்குத் தனிச் சலுகையும் இருக்கிறது. உங்கள் விழா அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஏற்பாட்டாளரைக் கேளுங்கள்.

ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் பகுதிக்கு விண்ணப்பத்தை ஆறு மாதம் முன்பிருந்து கொடுக்கலாம். பயணத்துக்கு 15 நாளாவது இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும். எந்த 180 நாளை எடுத்தாலும் தங்கியது 90 நாளைத் தாண்டக்கூடாது. விசா பெற்றுச் செல்பவர்களுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். கவனிக்க வேண்டியது: விசா பொதுவானது, ஆனால் சம்பளத்துக்கு நிகழ்ச்சி நடத்தும் அனுமதி ஒவ்வொரு நாட்டிலும் தனி விதி. இரண்டு நாட்டு விழாக்களுக்குப் போகிறீர்கள் என்றால் இரண்டையும் விசாரியுங்கள்.

அழைப்புக் கடிதத்தில் பாஸ்போர்ட் எண், பெயர், குழுவில் ஒவ்வொருவரின் பங்கு, தேதிகள், இடம், கட்டணம், தங்குமிடம் மற்றும் செலவுப் பொறுப்பு எல்லாம் இருக்க வேண்டும். 'உங்கள் கலையைப் போற்றி அழைக்கிறோம்' என்ற ஒரு பக்கப் புகழுரையால் தூதரகத்தில் எந்தப் பயனும் இல்லை.

7. கருவிகளும் மேடைப் பொருட்களும்

கருவி, உடை, ஒலிச் சாதனம் ஆகியவற்றைத் தற்காலிகமாக எடுத்துச் சென்று திரும்பக் கொண்டுவர ஏடிஏ கார்னே என்ற சுங்க ஆவணம் உதவும். சரக்குக்கான பாஸ்போர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 80 நாடுகளில் செல்லும்; அதிகபட்சம் ஓராண்டு. வர்த்தகச் சபைகள் வழங்கும். பொருளின் மதிப்பைப் பொறுத்துப் பிணைத்தொகை கேட்பார்கள்.

பட்டியலில் ஒவ்வொரு பொருளின் விவரம், வரிசை எண், எடை, மதிப்பு வேண்டும். கார்னே வழங்கப்பட்ட பிறகு பட்டியலில் ஒரு பொருளையும் சேர்க்க முடியாது. விற்பதற்கான இசைத்தட்டு, சட்டை, தீர்ந்துபோகும் பொருள் எவையும் இதில் வரக்கூடாது. அவற்றுக்கு வழக்கமான சுங்க அறிவிப்புதான்.

முத்திரை விடுபடுவதுதான் இங்கே பெரிய பிழை. சொந்த நாட்டை விட்டு வெளியேறும்போது ஒன்று, விழா நடக்கும் நாட்டில் நுழையும்போது ஒன்று, அங்கிருந்து கிளம்பும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று என்று நான்கு முறை சுங்க அதிகாரி கையெழுத்திட வேண்டும். பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன்பே சுங்க மேசைக்குப் போங்கள். பொருளைக் காட்டச் சொன்னால் கையில் இருக்க வேண்டும். விழா நாட்டிலிருந்து கிளம்பும்போது பெற வேண்டிய முத்திரை இல்லையென்றால் பொருள் அங்கேயே விற்கப்பட்டதாகக் கருதித் தீர்வை கேட்பார்கள்.

அடுத்தது, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தம். தந்தம் பதித்த வீணை, ஆமையோட்டு மீட்டுகோல், பிரேசில் ரோஸ்வுட் மரக் கிதார், மலைப்பாம்புத் தோல் போர்த்திய எர்ஹு என்ற சீன நரம்பிசைக் கருவி எல்லாம் இதில் சிக்கும். உடும்புத் தோல் கஞ்சிராவை எடுத்துப் போகவே வேண்டாம். ஆட்டுத்தோலோ செயற்கைத் தோலோ போதும். மற்ற ரோஸ்வுட் வகைகளில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரிலிருந்து விலக்கு உண்டு. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு இல்லை. அடிக்கடி பயணிப்பவர்கள் மூன்றாண்டு செல்லும் இசைக்கருவிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். எல்லா விமான நிலையங்களிலும் இதைச் சரிபார்க்கும் வசதி இருக்காது. பயணப் பாதையை முடிவு செய்வதற்கு முன் அதைப் பாருங்கள்.

மரப்பெட்டியில் அனுப்பினால் அந்த மரம், மரப் பொதிகள் வழியே பூச்சிகள் பரவாமல் தடுக்கும் சர்வதேச விதியான ஐஎஸ்பிஎம் 15 தரப்படி பதப்படுத்தப்பட்டு முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். வெப்ப முறையில் மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியசில் 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும் என்பது அளவு. பிளைவுட் பெட்டிக்கு இந்தத் தேவை இல்லை; சின்னக் குழுக்களுக்கு அதுவே வசதி.

உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-மணி வரை என்றால் பொதுவாகத் தடையில்லை. 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு இரண்டு மட்டும்.

8. தொழில்நுட்பத் தாள்

இரண்டு பக்கம் போதும். மேடை வரைபடம், ஒலி உள்ளீட்டுப் பட்டியல், ஒளிக் குறிப்பு, தேவைப்படும் நேரம். 'நல்ல மைக் வேண்டும்' என்பதற்குப் பொருளே இல்லை. 'மிருதங்கத்துக்கு இரண்டு மைக், இரு முகங்களுக்கும் ஒவ்வொன்று, குட்டை ஸ்டாண்டு' என்றால் உலகில் எந்த ஒலிப்பொறியாளருக்கும் புரியும்.

தரையில் அமர்ந்து வாசிப்பவர்கள் என்றால் மேடைமேல் மேடை கேளுங்கள். உயரம் 30 முதல் 40 சென்டிமீட்டர். எத்தனை பேர், மொத்த நீள அகலம் எவ்வளவு என்று மீட்டரில் எழுதுங்கள். வெறுங்காலோடு ஆடுபவர்கள் தரையைப் பற்றித் தனிப் பத்தி எழுத வேண்டும்: கான்கிரீட்டின்மேல் நேரடியாக விரிப்பு போட்ட தரை கூடாது, அடியில் நெகிழ்வுள்ள மரத்தளம் வேண்டும், ஆணி திருகு துருத்தக் கூடாது. காலைத் தட்டி ஆடும் ஒலியே தாளமாக இருந்தால் தரைக்கும் மைக் தேவை.

மின்சாரம்: 230 வோல்ட் நாட்டுச் சாதனத்தை 120 வோல்ட் நாட்டில் செருக, பிளக் மாற்றி மட்டும் போதாது. அது முனையின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ட்டை அல்ல. கம்பியில்லா மைக்கைக் கொண்டுபோகாமல் அங்கே கிடைப்பதையே பயன்படுத்துங்கள். அனுமதிக்கப்பட்ட அலைவரிசை நாட்டுக்கு நாடு வேறு.

துணித்திரை, பின்னணிச் சீலை எதுவானாலும் தீத்தடுப்புச் சான்று கேட்பார்கள். ஜெர்மனியில் பி1, பிரான்சில் எம்1, அமெரிக்காவில் என்எஃப்பிஏ 701 என்று அளவுகோல் மாறும். சான்று இல்லாத துணியை அரங்கத் தீப்பாதுகாப்பு அலுவலர் நிகழ்ச்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பு இறக்கச் சொன்னால் எதிர்த்துப் பேச வழியில்லை. எண்ணெய் விளக்கு, கற்பூரம், ஊதுபத்திக்கும் தனி அனுமதி வேண்டும். ஊதுபத்திப் புகை தீ எச்சரிக்கை மணியை அடிக்க வைக்கும்.

9. ஒத்திகை: தொலைவில் பாதி, நேரில் பாதி

காணொளி அழைப்பில் சேர்ந்து வாசிக்க முயலாதீர்கள். சேர்ந்திசைக்கு ஒலித் தாமதம் 25 முதல் 30 மில்லிவினாடிக்குள் இருக்க வேண்டும். கண்டம் தாண்டிய அழைப்பில் அது பல மடங்கு ஆகும். தாளம் மெல்ல மெல்ல இழுபட்டுக்கொண்டே போகும். அழைப்பைப் பேச மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாசிப்பைப் பதிவாக மாற்றிக்கொள்ளுங்கள்: ஒரு தரப்பு மெட்ரோனோம் (சீரான வேகத்தில் தட்டும் கருவி) ஒலியோடு பதிந்து அனுப்ப, மறு தரப்பு அதன்மேல் பதிந்து திருப்பியனுப்புவது. எல்லோரும் ஒரே சாம்பிள் ரேட்டில் (ஒரு வினாடிக்கு ஒலியை எத்தனை முறை அளந்து பதிகிறோம் என்பது), சொல்லப்போனால் 48 கிலோஹெர்ட்சில் பதிய வேண்டும்.

முதல் அழைப்பிலேயே சுருதியை முடிவு செய்யுங்கள். மாற்ற முடியாத கருவி எது என்று கேளுங்கள், அதுவே அளவுகோல். பியானோவும் அக்கார்டியனும் குழலும் நகராது. தம்புராவும் பாட்டும் நகரும். மேற்கத்திய இசையில் சுருதி சேர்க்கும் 'ஏ' சுரம் 440 ஹெர்ட்ஸா 442ஆ என்பதைக்கூட எழுதிக்கொள்ளுங்கள். சில இசைக்குழுக்கள் 442இல் இருக்கும். நுண்ணிய வேறுபாடுதான், ஆனால் சேர்ந்து நிற்கும் நீண்ட சுரத்தில் நடுங்கும்.

தாளத்தில் 'ஏழு எண்ணிக்கை' என்று மட்டும் சொன்னால் ஆளுக்கொரு ஏழு வரும். ஒன்று எங்கே விழுகிறது, ஏழு எப்படிப் பிரிகிறது, பாட்டு எந்த எண்ணிக்கையில் எடுக்கிறது என்பதைக் கையால் தட்டியபடி முப்பது வினாடிக் காணொளியாக அனுப்புங்கள். ஸ்வரக் குறிப்பும் மேற்கத்தியக் குறிமுறையும் ஒன்றுக்கொன்று முழுமையாக மாறாது. சுரத்தை அசைத்து நெளித்துப் பாடும் கமகம் தாளில் நிற்காது. ஆகவே குறிப்புத்தாளை நினைவூட்டியாக மட்டும் வைத்து, ஒலிப்பதிவை மூலமாகக் கொள்ளுங்கள்.

நேரில் கூடியதும் முதல் நாளைப் படைப்புக்குச் செலவிடாமல், ஒருவர் மற்றவருக்குத் தன் அடிப்படைப் பயிற்சியைக் கற்றுக்கொடுப்பதில் கழியுங்கள். வீணான நாள் போலத் தெரியும். ஆனால் மூச்சு எங்கே எடுக்கிறார், கண்ணால் எப்படிச் சைகை செய்கிறார் என்று அன்றுதான் தெரியும். அதனால் மிச்ச நாட்களில் நேரம் மிஞ்சும்.

மொழிபெயர்ப்பாளர் இரண்டு மொழி தெரிந்தவராக மட்டும் இருந்தால் போதாது. ஒத்திகைச் சொற்கள் தெரிந்தவராக வேண்டும். 'மறுபடி எடுப்பு', 'தொடக்கத்திலிருந்து', 'நிறுத்து', 'மெதுவாக' என்று நாற்பது சொற்களை இரு மொழியிலும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு ஒத்திகையின் முடிவிலும் பத்து நிமிடம் ஒதுக்கி, அன்று எது உறுதியானது என்று ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். தலையசைப்பை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டு போய், மேடையில் வேறொன்று நடந்தால் யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

கடைசி முடிவு யாருடையது என்பதும் முன்பே தீர்ந்திருக்க வேண்டும். 'எல்லோரும் சேர்ந்து முடிவெடுப்போம்' என்பது நான்காம் நாள் மாலை வரைக்கும்தான் தாங்கும்.

10. விழா நாட்கள்

கால வித்தியாசம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் என்றால் இரண்டு நாள் முன்னதாகவாவது போய்ச் சேருங்கள். நிகழ்ச்சியன்று காலை இறங்கி மாலை பாடுவது தொண்டைக்குச் செய்யும் கொடுமை.

தோல் கருவிகள் குளிரூட்டிய அரங்கில் வேறு சுருதிக்குப் போகும். ஒத்திகை அறையில் சேர்த்ததை நம்பாமல், அரங்கில் குறைந்தது ஒரு மணி நேரம் வைத்த பிறகு சேருங்கள்.

பெரிய விழாக்களில் முழு ஒலிச் சோதனைக்கு நேரம் கிடைக்காது. ஒவ்வொரு மைக்கும் வேலை செய்கிறதா என்று பார்க்கும் பதினைந்து நிமிடம்தான். அதில் முதலில் மேடையில் நீங்கள் கேட்கும் ஒலியைச் சரிசெய்யுங்கள். பார்வையாளர் பக்கத்தை முதல் உருப்படியின் போது பொறியாளர் சரிசெய்துவிடுவார். உங்களுக்கே கேட்காவிட்டால் அவரால் ஒன்றும் செய்ய இயலாது.

பாடல் வரியைத் திரையில் காட்டுவதாக இருந்தால் ஒரு சமயத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். எல்லாவற்றையும் மொழிபெயர்த்தால் பார்வையாளர்கள் திரையையே படித்துக்கொண்டிருப்பார்கள்.

11. முடிந்த பிறகு முப்பது நாள்

எல்லோரும் களைத்துப்போய் விட்டுவிடும் பகுதி இது. விழா ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே செய்ய வேண்டியவை: வாசித்த உருப்படிகளின் பட்டியலை, படைப்பாளிகள் பெயரோடு, உரிமைத்தொகை வசூலிக்கும் அமைப்புக்கு அனுப்ப ஏற்பாட்டாளரிடம் கொடுப்பது, சேர்ந்து உருவாக்கியதில் யாருக்கு எத்தனை சதவீதம் என்ற பங்குத் தாளில் எல்லோரும் கையெழுத்திடுவது, மீதித் தொகைக்கான விலைப்பட்டியலைக் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குவது.

ஊர் திரும்பியதும் கார்னேயின் கடைசி முத்திரையைப் பெற்று, வழங்கிய அமைப்பிடம் ஒப்படைத்துப் பிணைத்தொகையைத் திரும்ப வாங்குங்கள். வரிப்பிடித்தச் சான்றிதழ் இரண்டு வாரத்தில் வரவில்லையென்றால் நினைவூட்டுங்கள். விழா அலுவலகங்கள் பலவற்றில் தற்காலிகப் பணியாளர்களே அதிகம், மூன்று மாதம் கழித்து எழுதினால் பதில் சொல்ல ஆள் இருக்க மாட்டார்.

நிதி தந்தவர்களுக்கு அனுப்பும் அறிக்கையோடு, தொழில்நுட்பத் தாளையும் ஒரு முறை திருத்தி வையுங்கள். அரங்கில் உண்மையில் எத்தனை மைக் தேவைப்பட்டது, மேடை அடுக்க எத்தனை நிமிடம் ஆனது, எந்தப் பெட்டி அளவு மீறியது என்பவற்றை நினைவிருக்கும்போதே சேர்த்துவிடுங்கள். அடுத்த விழா அந்தத் தாளைத்தான் முதலில் கேட்கும்.